ஏழாம் முறைக்கு இலை இல்லை

ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பத்தேழு. இந்த எண்ணை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு வெற்றிலையில். கருவேல முள்ளால் கீறி எழுதியிருந்தது. கீறின கோடு கொஞ்ச நேரம் ஈரமாக மின்னி, பிறகு கறுத்தது. அது நடந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இன்றைக்கும் வெற்றிலை போட உட்கார்ந்தால், இலையை ஒரு தரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் எனக்குச் சுண்ணாம்பு தடவ வராது. பூச்சி பார்க்கிறேன் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். காரைக்குடியில் செக்காலைப் பக்கம் ஒரு நெல் மண்டியில் அளவுகாரனாக இருந்தேன். மரக்காலில் நெல்லை அள்ளி, தலைதட்டி, சாக்கில் கொட்டிக்கொண்டே எண்ணிக்கையை ராகமாகச் சொல்ல வேண்டும். முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டோம். லாபம் என்போம். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். கை தன் போக்கில் அள்ளும், வாய் தன் போக்கில் எண்ணும். மனசை முருகன் பக்கம் விட்டுவிடலாம். அந்த வேலையில் எனக்குப் பிடித்ததே அதுதான். ஆனால் ஒரு கெடுதலும் உண்டு. வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் வாய்க்குள் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருக்கும். ஓட்டு விளிம்பில் உட்காரும் குருவிகளைக்கூட லாபம், ரெண்டு என்று ஆரம்பித்துவிடுவேன். என் மனைவி சிரிப்பாள்.

காரைக்குடிக்கு ரயில் வருவதற்குக் கொஞ்சம் முந்திய காலம் அது. எங்களுக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருஷம். பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. அந்தப் பங்குனியில் அம்மன் பொங்கலுக்கு முளைப்பாரி எடுக்க வேண்டும் என்று என் மனைவி சிங்கம்புணரிக்குப் பக்கத்தில் இருக்கும் தன் ஊருக்குப் போயிருந்தாள். இருட்டறையில் ஓட்டில் பயறு முளைக்கவைத்து, விரதம் இருந்து வளர்த்து, தலையில் சுமந்து போய்க் கண்மாயில் விடுவது. அதை முடித்துக்கொண்டு மறுநாள் மாட்டு வண்டியில் திரும்பி வந்தாள். வந்த மறுநாளே விழுந்துவிட்டாள்.

முறைக்காய்ச்சல். ஒருநாள் விட்டு ஒருநாள், சரியாக உச்சிப்பொழுதில் வரும். வெளியே கல்லெல்லாம் சுடுகிற நேரத்தில் அவள் பாயில் சுருண்டு கிடப்பாள். மேலே நான் ஒரு கம்பளி, அதற்கு மேல் நெல் சாக்கு என்று போட்டுக்கொண்டே இருப்பேன்.

"எலும்புக்குள்ள தண்ணி ஓடுதுங்க. சத்தம் கேக்குது" என்பாள்.

தபாலாபீசில் விற்ற கொய்னா மருந்துப் பொட்டலத்தை வாங்கிக் கொடுத்தேன். பாதியை வாந்தி எடுத்தாள். மீதிப் பாதி அவள் காதுக்குள் வண்டாகப் போய் உட்கார்ந்து இரைந்தது. அந்த வருஷம் எங்கள் தெருவில் முறைக்காய்ச்சலுக்கு இரண்டு பேர் போயிருந்தார்கள். இரண்டு பேரும் அவள் வயதுப் பெண்கள். அந்த இரண்டு பாடைகளும் எங்கள் வாசல் வழியாகத்தான் போயின. அதனால் எனக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். மூன்றாவது எங்கள் வீட்டிலிருந்து கிளம்பிவிடக்கூடாது.

ஒரு பழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். அவள் ராத்திரி தலையைச் சாய்க்கும்போது கடைசியாக, "முருகா" என்று சொல்லிக் கண்ணை மூடுவாள். கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுப்பாள். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேச மாட்டாள். பல் கிட்டி உதறின நாட்களிலும் அதை அவள் விடவில்லை. அது காதில் விழுந்த பிறகுதான் எனக்கு அந்த நாள் முடியும்.

குன்றக்குடி போகிற பாதையில், ஊரைத் தாண்டி ஒரு கல்மேடு. அதன்மேல் ஒரு வேல் நட்டிருந்தது. சுற்றிலும் நாலு சுவர், தலைக்குமேல் ஓடு. அங்கே பூக்கட்டி, பூசையும் செய்துகொண்டிருந்த பண்டாரம் ஒருவர் முறைக்காய்ச்சலுக்கு இலை எழுதிக் கொடுப்பார். அவளை வண்டியில் வைத்துக் கூட்டிப் போனேன்.

பண்டாரம் அவள் முகத்தைப் பார்க்காமல் பாதத்தைப் பார்த்தார்.

"எத்தனாவது முறை ஆத்தா இது?"

"இதான் மொத முறை சாமி. நேத்து உச்சிக்கு வந்துச்சு."

"மறைக்காமச் சொல்லணும். எண்ணித்தான் எழுதணும்."

"இதான் மொத முறை" என்றாள் அவள் மறுபடியும், குனிந்த தலை நிமிராமல்.

பண்டாரம் ஒரு வெற்றிலையை எடுத்து ச, ர, வ, ண, ப, வ என்ற ஆறெழுத்தையும் வரிசையாக முள்ளால் கீறினார். ஒவ்வொரு எழுத்தின் கீழும் தமிழ் எண்ணில் ஒரு இலக்கம். ஒன்று, நாலு, இரண்டு, எட்டு, ஐந்து, ஏழு. மடித்து, மஞ்சள் நூலால் அவள் இடது கையில் கட்டினார்.

"முறை வர்ற அன்னைக்குக் காலையில வந்து புது இலை வாங்கிக்க. பழசைக் கால் படாத இடத்துல போட்டுரு. ஆறு முறைக்குள்ள காய்ச்சல் போயிரும்."

அடுத்த முறைக்கு நான் மட்டும் போனேன். இந்தத் தடவை எழுத்துகள் ஒரு இடம் நகர்ந்திருந்தன. முன்னால் நின்ற ச கடைசிக்குப் போயிருந்தது. ர, வ, ண, ப, வ, ச. ஒவ்வொரு எழுத்தும் தன் இலக்கத்தையும் கூட்டிக்கொண்டு நகர்ந்திருந்தது. நாலு, இரண்டு, எட்டு, ஐந்து, ஏழு, ஒன்று. ஆறெழுத்தைச் சுற்றி எழுதுவது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் அதில் அதிசயமாக எதையும் பார்க்கவில்லை.

அன்று மத்தியானம் காய்ச்சல் வந்தபோது வேறொன்று நடந்தது.

முதலில் வந்த காய்ச்சலில் ஆரம்பம் கொட்டாவி. பிறகு குளிர், நடுக்கம், மண்டையிடி, சூடு, வேர்வை. வேர்த்ததும் தூங்கிப்போனாள். இந்தத் தடவை கொட்டாவி இல்லாமல் எடுத்தவுடன் குளிர் வந்தது. மற்றதெல்லாம் வரிசையாக வந்தன. வேர்வையும் காய்ந்தது. முடிந்துவிட்டது என்று நான் சாக்கை மடித்து வைக்கும்போது கொட்டாவி ஆரம்பித்தது. தாடை கழன்றுவிடுகிற மாதிரி, ஒன்றன்மேல் ஒன்றாக. தூக்கம் கொஞ்சமும் இல்லாத கண்களோடு அவள் கொட்டாவி விட்டுக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

மூன்றாவது இலை கட்டின அன்று நடுக்கத்தில் ஆரம்பித்தது. பாயோடு சேர்ந்து தரையில் தடதடவென்று ஆடினாள்.

"குளுருதா?"

"குளுரலையே. சும்மா ஆடுது."

அன்று எல்லாம் முடிந்து, குளிரும் கொட்டாவியும் கடைசியாக வந்து போன பிறகு, அவள் ஓட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "வரிசையில நிக்கிற ஆளுக மாதிரி இருக்குங்க. முன்னால நின்ன ஆளு பின்னால போயி நின்னுக்கிருது. ஆனா எல்லாம் அதே ஆளுகதான். எனக்கு இப்ப அடையாளம் தெரியுது."

காய்ச்சல் பேச்சு என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் மண்டியில் சரக்கு வண்டி வரத் தாமதம். தரையில் உமித்தூசி ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. சும்மா உட்கார்ந்தவன், இலையில் பார்த்த இலக்கங்களைத் தூசியில் எழுதினேன். பண்டாரம் அவற்றை ஆறு குறிகளாகத்தான் போட்டிருந்தார். எனக்கோ எதைச் சேர்த்து எழுதினாலும் லட்சம், ஆயிரம் என்று படித்துத்தான் பழக்கம். முதல் இலை 1,42,857. இரண்டாவது 4,28,571. மூன்றாவது 2,85,714.

பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றாவது, முதலாவதைப் போல இரண்டு மடங்கு மாதிரி பட்டது. பெருக்கிப் பார்த்தேன். ஒன்று கூடாமல் குறையாமல் இரண்டு மடங்கு. அப்படியானால் இரண்டாவது? அது சரியாக மூன்று மடங்கு.

எழுத்தை நகர்த்தினால் நகர்ந்து நிற்கும். அவ்வளவுதான். ஆனால் ஒரு எண்ணின் தலையைக் கிள்ளி வாலில் வைத்தால் அது எப்படி மூன்று மடங்காகும்? நெல்லில் ஒரு மரக்காலைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. இடம் மாற்றி வைத்ததற்கே மூன்று சாக்காகிவிட்டது என்று யாராவது சொன்னால் மண்டியில் விடுவார்களா?

மீதியையும் பெருக்கினேன். நான்கால் பெருக்கினால் 5,71,428. ஐந்தால் 7,14,285. ஆறால் 8,57,142. அதே ஆறு இலக்கங்கள். ஒன்றுகூட வெளியே போகவில்லை, வெளியிலிருந்து ஒன்றுகூட உள்ளே வரவில்லை. அதே வட்டம், வேறுவேறு இடத்தில் ஆரம்பிக்கிறது.

என்னோடு அளக்கிற ஆள் ஒருவன், எனக்கு மாப்பிள்ளை முறை, சாக்குமேல் படுத்துக்கிடந்தவன் தலையைத் தூக்கினான்.

"என்ன மாமா, நெல்லு வரலன்னு உமியை அளக்குறீகளா?"

"பேசாம இருடா."

"அக்காளுக்கு முடியலன்னா வைத்தியரைப் பாக்கணும். தூசியில கோலம் போட்டா காய்ச்சல் பயந்து ஓடிருமா?" என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

நான் அந்த ஆறையும் அறுகோணச் சக்கரத்தின் ஆறு முனைகளில் வைத்தேன். எதிரெதிர் முனைகளைக் கூட்டினேன். ஒன்றும் எட்டும் ஒன்பது. நாலும் ஐந்தும் ஒன்பது. இரண்டும் ஏழும் ஒன்பது. ஆறையும் சேர்த்துக் கூட்டினால் இருபத்தேழு, நட்சத்திரங்கள் எத்தனையோ அத்தனை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. படிப்பில்லாத என்னிடம், நெல் மண்டித் தூசியில், முருகன் தன் ஆறு முகத்தையும் ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டுகிறான் என்று நினைத்தேன். மனைவியை அவன் விடமாட்டான் என்று அந்த நேரம் நிச்சயமாக நம்பினேன்.

அதோடு எழுந்து போயிருக்கலாம். ஆனால் ஆறு சொன்ன வாய் ஏழு சொல்லாமல் நிற்காது. அளவுகாரன் வாய் அப்படி. ஏழால் பெருக்கினேன்.

ஏழேழு நாற்பத்தொன்பது, ஒன்பது போட்டு நாலு மிச்சம். ஐயேழு முப்பத்தைந்தும் நாலும் முப்பத்தொன்பது, மறுபடி ஒன்பது. எட்டேழு ஐம்பத்தாறும் மூன்றும் ஐம்பத்தொன்பது. ஒன்பது. நிறுத்த முடியவில்லை. 9,99,999.

இந்த வட்டத்துக்குள் அதுவரை ஒன்பது வந்ததே இல்லை. மூன்று, ஆறு, ஒன்பது மூன்றும் வெளியே நிற்பவை. எதிரெதிர் முனைகளுக்கு நடுவில் மறைந்து நின்ற ஒன்பது, ஏழாம் தடவை உள்ளே வந்து ஆறு இடத்திலும் உட்கார்ந்துகொண்டது. ஆறு முகமும் ஒரே முகம். எது முன்னால், எது பின்னால் என்று சொல்ல முடியாது. திருப்பினாலும் தெரியாது. அதற்குமேல் சுற்ற என்ன இருக்கிறது?

தூசியைக் கையால் அழித்தேன். வண்டி வந்துவிட்டது. அன்று அளக்கும்போது ஏழாவது மரக்காலில் என் குரல் ஒவ்வொரு தடவையும் கம்மியது. கணக்குப் பார்ப்பவர் என்னை இரண்டு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

நாலாவது இலை வாங்கப் போன காலையில் பண்டாரத்திடம் கேட்டுவிட்டேன். அவர் அரளிப்பூவை நாரில் கோத்துக்கொண்டிருந்தார்.

"சாமி, ஏழாம் முறைக்கு எப்படி எழுதுவீக?"

"ஏழாவதுன்னு ஏது? அவனுக்கு ஆறு முகந்தானே. சுத்தி வந்தா மறுபடி மொத முகம்."

"அப்ப காய்ச்சலும் மறுபடி மொதல்லருந்தா?"

நார் அவர் விரலில் நின்றது. "ஆறுக்குள்ள போயிரும்னு சொன்னேன்ல."

"போகாட்டி?"

"போகாதவுக யாரும் இங்குட்டுத் திரும்பி வரலப்பா. நான் யாரைப் போயிக் கேக்க?"

நான் கல்தரையில் விரலால் எழுதி, பெருக்கலைச் சொன்னேன். ஏழு வந்ததும் அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எங்க அய்யா இப்படி எழுதுனாரு, நான் எழுதுறேன். இது இத்தனை லட்சம், இத்தனை ஆயிரம்னு நான் ஒருநாளும் படிச்சதில்ல. நீ சாமி முகத்தைப் பெருக்கிப் பாத்திருக்க. இனிமே பாக்காதே."

இலையை எழுதி மடித்து என் கையில் வைத்தார்.

அன்று காய்ச்சல் மண்டையிடியில் ஆரம்பித்தது. அதற்கடுத்த முறை சூட்டில். அவள் சொன்ன அந்த ஆட்கள் வரிசை தப்பவே இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து கந்தனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். கூப்பிடும் வாய்க்குள்ளேயே எண்ணிக்கையும் ஓடியது. இது ஐந்து. இனி ஆறு. அதற்குப் பிறகு நாள் இருக்கிறது, இலை இல்லை.

ஆறாவது இலை 7,14,285. வட்டத்தில் கடைசி. அன்று வேர்வையில் ஆரம்பிக்க வேண்டும். உச்சிப்பொழுதில் அவள் நெற்றியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வேர்க்கவில்லை. கொட்டாவி இல்லை. குளிர் இல்லை. அவள் மல்லாந்து படுத்து, கண்ணைத் திறந்து, ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொட்டுப் பார்த்தேன். சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. பக்கத்தில் இருந்த தரை எப்படி இருந்ததோ அப்படி இருந்தாள்.

"தண்ணி வேணுமா?"

"ம்."

கொண்டுவந்தேன். குடிக்கவில்லை. "வேணாமா?"

"ம்."

"எங்கயாச்சும் வலிக்குதா?"

"ம்."

எதைக் கேட்டாலும் அதே ம். அதே நீளம், அதே குரல். தெருவில் போகிறவன் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். வெளியே காற்று நின்றுபோயிருந்தது. முற்றத்தில் விழுந்த வெயில் நகர்ந்ததாகவே தெரியவில்லை. ஒரு நேரம் போலவே அடுத்த நேரம் இருந்தது. எது முன்னால் போனது, எது பின்னால் வந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்தி சாய்ந்தும் அவள் அப்படியே கிடந்தாள். கண் எப்போது மூடியது என்று எனக்குத் தெரியாது. "முருகா" என்றாளா என்றும் தெரியாது. அலுப்பில் நான் முந்தித் தூங்கிப்போனேன்.

ஆனால் எனக்குச் சந்தோஷம்தான். குளிர் இல்லை, சூடு இல்லை; காய்ச்சல் விட்டுக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். மறுநாளும் அவள் பேசாமல் கிடந்தாள். களைப்பு என்று எடுத்துக்கொண்டேன். பயத்தையெல்லாம் அதற்கு அடுத்த நாளுக்கென்று, ஏழாம் முறைக்கென்று சேர்த்து வைத்திருந்தேன்.

அந்த நாளும் வந்தது. விடியும்போதே எழுந்து குளித்து, ஈர வேட்டியோடு முருகன் படத்தின் முன் உட்கார்ந்தேன். பின்கட்டில் கிணற்று உருளை சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் அவள் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். தலை சீவியிருந்தாள்.

"என்ன இப்படிப் பாக்குறீக? ராத்திரி ஒலையே வைக்கலையா? பழைய சோறு ஒரு பருக்கை இல்ல. எனக்குப் பசிக்குது."

"எப்படி இருக்கு?"

"எது?"

உச்சிப்பொழுது வந்தது, போனது. அவள் வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு கஞ்சி குடித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையில் காய்ந்து சுருண்டிருந்த ஆறாவது இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் மூன்றாவது பாடை எங்கள் தெருவில் கிளம்பவில்லை.

பண்டாரத்துக்குப் பாலும் பழமும் கொண்டுபோய்க் கொடுத்தேன். "நான்தான் சொன்னேனே" என்று திருநீறு பூசிவிட்டார். அவருக்கு என்னைவிடச் சந்தோஷம். அத்தோடு இந்தக் கதை முடிந்திருக்கும்.

நாலைந்து நாள் கழித்து என் மாமியார் மகளைப் பார்க்க வந்தார்கள். கருப்பட்டியும் தேங்காயும் கொண்டுவந்திருந்தார்கள். மகள் அடுப்படியில் இருக்கும்போது என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள்.

"நல்லவேளை மாப்ளே, அம்மா காப்பாத்திட்டா. எங்கிட்ட இருக்கும்போதே எனக்கு உசுரு கையில இல்ல."

"எங்க இருக்கும்போது அயித்தை?"

"முளைப்பாரி தூக்குன அன்னைக்குத்தான். சும்மா நின்ன புள்ளைக்கு மொதல்ல குப்புன்னு வேர்த்துச்சு. ஒரு வேர்வையா அது. அதுக்கப்பறம் கொட்டாவியா விட்டா, அப்பறம் குளுரு. வெளிய சொன்னா என்ன ஆகும்? அம்மை வந்துருச்சும்பாக. வீட்டையே ஒதுக்கி வச்சு, இவ பாரியைத் தனியா எடுத்து வச்சிருவாக. பிள்ளை வரம் கேட்டு எடுத்த பாரி மாப்ளே. 'யாருகிட்டயும் மூச்சு விடாதே, உம் புருசன்கிட்டயும் சொல்லாதே'ன்னு நான்தான் சத்தியம் வாங்குனேன். அப்படியே தூக்கிட்டு நடந்தா."

பண்டாரம் கேட்டபோது அவள் தலை நிமிராமல் இருந்தது ஏன் என்று இப்போது தெரிந்தது. அம்மன் பேரில் கொடுத்த சத்தியம். அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் எண்ணிக்கை தானாக நகர்ந்துகொண்டது. வேர்வையில் ஆரம்பித்தது முதல் முறை. எங்கள் வீட்டில் கொட்டாவியில் ஆரம்பித்தது இரண்டாவது. குளிர், நடுக்கம், மண்டையிடி, சூடு. ஆறு முகமும் முடிந்துவிட்டன. நான் ஆறாவது இலை கட்டி, நல்லதென்று சந்தோஷப்பட்ட அந்த நாள்தான் ஏழு. ஆறு இடத்திலும் ஒரே முகம் உட்கார்ந்திருந்த நாள். நான் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்படியானால் அவள் எழுந்து தண்ணீர் இறைத்த நாள் எட்டு.

பண்டாரம் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். இருந்தாலும் மண்டியில், மத்தியானம், உமித்தூசியில் எட்டால் பெருக்கினேன். 11,42,856.

முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு தெரிந்தது. அதே பழைய எண்தான், முதல் இலையில் இருந்தது. திரும்பி வந்திருக்கிறது. ஆனால் கடைசியில் நின்ற ஏழிலிருந்து ஒன்றை உருவி, எல்லாவற்றுக்கும் முன்னால் நிறுத்தியிருக்கிறது. வால் குறைந்து ஆறாகிவிட்டது. முன்னால் நிற்கும் அந்த ஒன்றை எடுத்து மறுபடி கடைசியில் கூட்டினால் ஏழாகிவிடும். எதுவும் தொலைந்துபோகவில்லை. இடம் மட்டும் மாறியிருக்கிறது.

நான் அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவளிடம் என்ன மாறியிருக்கிறது என்று யோசித்துக்கொண்டே போனேன். சமையலில் அதே கை. சிரிப்பும் அதே சிரிப்பு. குருவியை எண்ணினால் கேலி செய்தாள். ஒரு குறையும் இல்லை. ராத்திரி படுத்தாள். நான் காத்திருந்தேன். மூச்சு சீராக வந்தது. தூங்கிவிட்டாள்.

விடியும்போது, கண் திறக்கும் முன்னால், கடைசி எழுத்தை இழுத்துச் சொன்னாள்: "முருகா."

எழுந்த நாளிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். எனக்குத்தான் கவனம் இல்லை. இரண்டு மூன்று நாள் பொறுத்து, அரிசி புடைத்துக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன்.

"ராத்திரி சொல்றதை விட்டுட்டியா?"

"எதை?"

"சாமி பேரை."

"அதை நான் எப்பவும் எந்திரிக்கும்போதுதானே சொல்லுவேன்" என்றாள். கை நிற்கவில்லை. "படுக்கும்போது யாரு சொல்லுவா?"

முகத்தில் கேலி இல்லை. ஒளிவும் இல்லை. நான் அவளிடம் மறுபடி கேட்கவில்லை. முன்னால் நிற்பதை நாங்கள் லாபம் என்றுதானே சொல்வோம். அவள் எழுந்து நடமாடுவதைவிட எனக்கு லாபம் வேறு என்ன? பிற்பாடு எங்களுக்குப் பிள்ளைகளும் பிறந்தன. அவள் எழுந்திருக்கும்போது சொல்லும் அந்தப் பேரைக் கேட்டுத்தான் அவர்களும் கண் விழித்து வளர்ந்தார்கள். இது தவிர வேறு எந்த வித்தியாசத்தையும் நான் அவளிடம் இத்தனை காலத்தில் பார்த்ததில்லை.

ஆனாலும் கடைசியில் ஒன்று குறைகிறதே என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அதனால் அன்றிலிருந்து அந்த ஒன்றை நான் போட்டுவிடுகிறேன். அவள் தூங்கிவிட்டாளா என்று பார்த்துக்கொண்டு, அவள் குரலில் எப்படி வருமோ அந்த இழுப்போடு, மெதுவாக, "முருகா" என்பேன். அதைச் சொன்னால்தான் அவளுடைய நாள் முழுசாகும், எண் பழையபடி ஆகும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

சில நாள், நான் சொல்லி முடித்ததும், அவள் கண்ணைத் திறக்காமலே ஒரு கொட்டாவி விடுவாள். நான் எண்ணாமல் இருக்கப் பார்ப்பேன்.